நல்ல காபி: வீட்டுக்கு வாங்குவதும் பரிசாகக் கொடுப்பதும்

புதுச்சேரியிலும் கடலூரிலும் கிரகப்பிரவேசம், நிச்சயதார்த்தம், தீபாவளி என்று வந்தால் ஸ்வீட் பாக்ஸோடு, சில நேரம் அதற்குப் பதிலாகவே, காபிப் பெட்டி கைமாறுவதை இப்போது பார்க்க முடிகிறது. பெட்டியின் மேல் எஸ்டேட்டின் பெயர், அது கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம், குடித்தால் ஆரஞ்சுத் தோல் வாசமும் சாக்லேட் வாசமும் வரும் என்று ஒரு குறிப்பு. விலை, கடையில் அரைத்து வாங்கும் தூளைவிட நன்றாகவே கூடுதல். வாங்கியவர்கள் ஆசையாகப் பிரித்து, வழக்கமான எவர்சில்வர் ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் மொத்தத் தண்ணீரும் கீழே இறங்கிவிடுகிறது. பாலில் கலந்தால் நிறமே ஏறுவதில்லை. "இவ்வளவு காசு போட்டு வாங்கியிருக்காங்க, காபி கழுநீர் மாதிரி இருக்கே" என்று வீட்டுப் பெரியவர் ஒரு வாயோடு டம்ளரை வைத்துவிடுகிறார். பெட்டி அலமாரிக்குப் போகிறது. மறுநாள் காலையில் பழைய தூளே அடுப்படிக்குத் திரும்புகிறது.

பெரியவரின் நாக்கில் குறையில்லை, அந்தக் கொட்டையிலும் குறையில்லை. அந்தத் தூள் வேறொரு பாத்திரத்துக்காக அரைக்கப்பட்டது. பால் சேர்க்காமல் குடிப்பதற்காக இளம்பதத்தில் வறுக்கப்பட்டது. ஒரு காபி உயர்ந்ததா என்பது எஸ்டேட்டில் பாதிதான் முடிவாகிறது. மீதிப் பாதியை வறுத்த நாளும், அது போய்ச் சேரும் வீட்டின் ஃபில்டரும் தண்ணீரும் பாலும் முடிவு செய்கின்றன. வீட்டுக்கு வாங்கினாலும் பரிசுக்கு வாங்கினாலும் இந்த மீதிப் பாதியைத்தான் நாம் கவனிக்காமல் விடுகிறோம்.

எஸ்டேட் பெயர் போட்ட காபி நம் கைக்கு வந்ததே சமீப காலத்தில்தான். இரண்டாம் உலகப் போரில் ஏற்றுமதிச் சந்தை அடைபட்டபோது தோட்டக்காரர்களைக் காப்பாற்ற 1942இல் காபிச் சட்டம் வந்தது. காபி வாரியம் அதன் கீழ் இயங்கியது. விளைந்த காபியை எல்லாம் வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். வாரியம் தரம் பிரித்து ஏலம் விடும். சேர்வராயன் மலையில் விளைந்ததும் குடகில் விளைந்ததும் அந்தத் தொகுப்புக்குள் போனதும் ஊர் பெயரை இழந்துவிடும். மிஞ்சுவது தரத்தின் பெயர் மட்டும். அரை நூற்றாண்டு இப்படித்தான் ஓடியது. 1990களில் தோட்டக்காரர்களுக்குப் படிப்படியாகச் சொந்தமாக விற்கும் உரிமை கிடைத்து, 1996இல் தொகுப்பு முறை முற்றாக முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு தோட்டக்காரர் தன் மலையின் பெயரை, ஏன், தன் தோட்டத்தில் ஒரு பகுதியின் பெயரைக்கூடப் போட்டுக் காபி விற்க முடிந்தது. குடகு அராபிகா, சிக்மகளூர் அராபிகா, பாபாபுடன்கிரி அராபிகா, அரக்குப் பள்ளத்தாக்கு அராபிகா, வயநாடு ரொபஸ்டா ஆகியவற்றுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல்தான். அராபிகா, ரொபஸ்டா என்பவை காபிச் செடியின் இரு இனங்கள்.

தொகுப்பு முறை இருந்த காலத்தில் ருசி என்பது காபித் தூள் கடைக்காரரின் கையில் இருந்தது. ஏலத்தில் வந்த தரங்களை எந்த அளவில் கலப்பது, எவ்வளவு கருக்க வறுப்பது என்பதுதான் ஒவ்வொரு கடையின் சொத்து. இன்றைக்கும் திருப்பாதிரிப்புலியூரிலோ புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கத்திலோ அரைத்துக் கொடுக்கும் கடையில் நின்றால் அந்தப் பேச்சு காதில் விழும்.

"அண்ணே, கால் கிலோ கொடுங்க."

"எதுல? பீபெரியா, பிளாண்டேஷன் ஏவா?"

"பாதிப் பாதி."

"சிக்கரி?"

"இருபது போடுங்க."

தராசில் கொட்டை விழுகிறது, மெஷின் ஓடுகிறது, கதகதப்பாகப் பொட்டலம் கைக்கு வருகிறது. இந்த ஐந்து வரிக்குள் காபியின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

பிளாண்டேஷன் என்றால் பழத்தின் தோலை நீக்கி, ஊறவைத்துக் கழுவி, காயவைத்த அராபிகா. ஏ என்பது கொட்டையின் பருமன். பழத்தோடு அப்படியே வெயிலில் உலர்த்தி எடுத்தால் அதற்குச் செர்ரி என்று பெயர். காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் ஒன்றோடொன்று தட்டையாக ஒட்டியிருக்கும். சில பழங்களில் ஒன்றுதான் வளர்ந்து உருண்டையாகிவிடும், அதுதான் பீபெரி. உருண்டையாக இருப்பதால் வறுக்கும்போது எல்லாப் பக்கமும் சீராகச் சூடேறும் என்பார்கள். அதைத் தனியாகப் பொறுக்கி எடுக்க வேண்டும் என்பதால்தான் விலை ஏறுகிறதே தவிர, எல்லாப் பீபெரியும் எல்லாப் பிளாண்டேஷனைவிடவும் உயர்வு என்று சொல்லிவிட முடியாது. ரொபஸ்டா தாழ்வான மலைகளில் விளைவது. கசப்பும் கனமும் அதிகம், காஃபீன் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அராபிகாவுக்கு உயரம் வேண்டும். குளிரில் பழம் மெல்லப் பழுக்கும், கொட்டை இறுகும், மணம் கூடும். நம் பக்கத்துக்குக் கிட்டே உள்ள காபி மலை சேர்வராயன்தான். அங்கே 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்தார். பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பிறகு நீலகிரி, ஆனைமலை, கொல்லிமலை எல்லாம் அராபிகா விளையும் நிலங்கள். நாட்டின் மொத்தக் காபியில் தமிழ்நாட்டின் பங்கு சிறியது, கர்நாடகம்தான் பெரும்பகுதி. ஆனால் நம் மலைக் காபியை நாம் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கலாம், கேட்கவும் வேண்டும். சிக்மகளூர் பெயரைத் தெரிந்து வைத்திருக்கும் பலருக்குத் தாண்டிக்குடி பெயர் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான்.

சிக்கரியின் கதை

புதிதாகக் காபியில் ஆர்வம் கொள்பவர்கள் முதலில் செய்வது சிக்கரியைத் திட்டுவது. அது ஒரு செடியின் கிழங்கு வேர். நம் நாட்டில் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் அதிகம் பயிராகிறது. வறுத்து அரைத்தால் காபி நிறம் வரும், காஃபீன் கிடையாது. ஐரோப்பாவில் இது பரவியதற்குப் போர் ஒரு பெரிய காரணம். 1806இல் முதலாம் நெப்போலியன் பிரிட்டனோடு வணிகத்தைத் தடை செய்தபோது பிரான்சில் காபி வரத்து சுருங்கியது. வீடுகள் சிக்கரிக்குத் திரும்பின. தடை நீங்கிய பிறகும் பழக்கம் போகவில்லை. வடக்குப் பிரான்சில் இன்றைக்கும் சிக்கரி குடிக்கிறார்கள். புதுச்சேரியில் பிரான்சு உறவுள்ள குடும்பங்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

நம் ஃபில்டரில் சிக்கரி செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால் அந்தக் கழுநீர்ப் புகாருக்குப் பதில் கிடைத்துவிடும். வீட்டில் காபி போடும்போது தூளில் ஐந்தில் ஒரு பங்கு எடைதான் தண்ணீரில் கரைகிறது. வறுத்த சிக்கரியில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். அதனால்தான் டிகாஷன் கள்ளிச்சொட்டு போலக் கெட்டியாக, கறுப்பாக இறங்குகிறது. கூடவே சிக்கரி தண்ணீரை உறிஞ்சி உப்பி, தூளின் இடுக்குகளை அடைத்து, சொட்டும் வேகத்தைக் குறைக்கிறது. தண்ணீர் காபியோடு அதிக நேரம் கிடக்கிறது. ஆக நம் ஃபில்டரும் பாலும் சேர்ந்து பழகிய நிறமும் கனமும் ஓரளவு சிக்கரியால் அமைந்தவை. அதை ஒரே நாளில் நிறுத்திவிட்டு அதே அளவில் போட்டால் காபி நீர்த்துத்தான் இருக்கும்.

நூற்றுக்குப் பத்து, இருபது சிக்கரி என்பதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அதற்கு மேல் போகப் போகக் காபியின் மணம் அடங்கி, கருகிய வெல்லத்தின் ருசி முன்னே வருகிறது. சட்டப்படி காபி சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எது எவ்வளவு என்பதைப் பாக்கெட்டின் மேல் அச்சிட வேண்டும். பலர் திருப்பியே பார்க்காத வரி அது. 51க்கு 49 என்று போட்ட பாக்கெட்டும் காபி என்றுதான் விற்கிறது. பிரேசில், வியட்நாம் விளைச்சல் குறைந்து 2025 தொடக்கத்தில் உலகச் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. காபி விலை இப்படி ஏறும் காலங்களில் அந்த வரியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

எப்போது வறுத்தது

கடலூர் முதுநகரில் மீன் வாங்கப் போனால் யாரும் விலையைக் கேட்டவுடன் பையை நீட்டுவதில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, அழுத்திப் பார்த்துத்தான் வாங்குகிறோம். காபியும் அப்படி நாள் பார்த்து வாங்க வேண்டிய பண்டம். பச்சைக் கொட்டை ஈரம் படாமல் இருந்தால் பல மாதம் தாங்கும். வறுத்த மறுகணம் கணக்கு மாறிவிடுகிறது. சுமார் 200 டிகிரியில் கொட்டை படபடவென்று வெடித்து, உள்ளே நூற்றுக்கணக்கான மணச் சேர்மங்கள் உருவாகின்றன. கரியமில வாயுவும் நிறைய உள்ளே தங்குகிறது. அடுத்த சில நாட்கள் அந்த வாயு கசிந்துகொண்டே இருக்கும். நல்ல காபிப் பைகளில் ஒரு சிறிய பித்தான் போல இருக்கிறதே, அது உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத வால்வு. வறுத்து மூன்று நான்கு நாள் ஆன கொட்டை, அதிலிருந்து மூன்று நான்கு வாரம் வரை நல்ல பருவத்தில் இருக்கும். அரைத்துவிட்டால் காற்று படும் பரப்பு பல மடங்காகிவிடுகிறது. அதன் பிறகு மணத்தின் ஆயுள் ஒன்றிரண்டு வாரம்.

பெரும்பாலான பாக்கெட்டுகளில் இருப்பது பேக் செய்த தேதி. வறுத்த தேதியைத் தானாக முன்வந்து அச்சிடும் வறுப்பாளருக்கு என் ஓட்டு. கடைத் தூளில் தேதி இருக்காது, ஆனால் "எந்தக் கிழமை வறுக்கிறீங்க?" என்று கேட்டால் நல்ல கடைக்காரர் சொல்லிவிடுவார். குயிலாப்பாளையம், ஆரோவில் பக்கம் சிறிய அளவில் வறுத்துக் கொடுப்பவர்களிடமும் இதையே முதலில் கேளுங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தொந்தரவு ஈரக்காற்று. காபித் தூள் ஈரத்தை இழுக்கும், சிக்கரி அதைவிட வேகமாக இழுக்கும். கட்டி தட்டிய தூள் அதன் அடையாளம். நமக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பரிசுகள் அதிகம் கைமாறும் தீபாவளியும் அதே ஈரத்துக்குள் வருகிறது. தூளை ஃபிரிட்ஜில் வைத்தால் பிழைக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்துத் திறந்தவுடன் காற்றின் ஈரம் தூளின் மேல் நீராகப் படிகிறது. தினம் இரண்டு தடவை இது நடந்தால் ஒரு வாரத்தில் தூள் போய்விடும். குழம்பு வாசமும் ஏறிக்கொள்ளும். இறுக மூடும் எவர்சில்வர் டப்பா, அடுப்புக்கு எட்டத்தில் ஓர் இருட்டான அலமாரி, வாரத்துக்கு வேண்டியது மட்டும் என்று வாங்குவது. இதற்கு மேல் சூட்சுமம் ஒன்றும் இல்லை.

தண்ணீரையும் சொல்லியாக வேண்டும். கடலோர ஆழ்துளைக் கிணறுகளில் உப்பும் கடினத்தன்மையும் பல இடங்களில் கூடியிருக்கிறது. கடினத் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் காபியின் இனிய புளிப்பைச் சமன் செய்துவிடும். எவ்வளவு நல்ல அராபிகாவானாலும் சப்பென்று ஆகும். எதுவுமே இல்லாமல் வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரும் சரிப்படாது, ருசி மெலிந்து கூர்மையாகிவிடும். கொஞ்சம் தாது உள்ள, குடிக்க நன்றாக இருக்கும் தண்ணீரே காபிக்கும் நல்லது. புதுச்சேரிக்காரர்கள் தண்ணீரின் அருமை தெரிந்தவர்கள். பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபம், தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஆயியின் கதையையும், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்கு நல்ல தண்ணீர் வந்ததையும் நினைவுபடுத்த எழுந்ததுதான்.

நம் ஃபில்டரிலேயே எஸ்டேட் காபி

விலை கூடிய காபிக்கு விலை கூடிய கருவி வேண்டும் என்பதில்லை. எஸ்டேட் கொட்டையைக் கடையில் கொடுத்தோ வீட்டில் கை மெஷினிலோ அரைக்கும்போது, சிக்கரி சேர்க்காவிட்டால் வழக்கத்தைவிடச் சற்று நைஸாக அரைக்கச் சொல்லுங்கள். மைதா போல ஆகிவிடக் கூடாது, துளை அடைத்துக்கொள்ளும். ஃபில்டரின் மேல் பாத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். துளைகள் எல்லாம் ஊசிமுனை வெளிச்சமாகத் தெரிய வேண்டும். எவர்சில்வர் ஃபில்டரில் அடைப்பு இருந்தால் அடியை அடுப்புத் தீயில் காட்டி, தேய்த்துக் கழுவும் பழைய வழி போதும். ஈயம் பூசிய பித்தளை ஃபில்டரில் அதைச் செய்யவே கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், பூச்சு போய்விடும்.

இரண்டு பேருக்கு 25 கிராம் தூள் வைத்துக்கொள்வோம். தட்டிச் சமமாக்கி, தண்டு வைத்த தட்டால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக அழுத்துங்கள். கொதித்த தண்ணீரை இறக்கி அரை நிமிடம் விட்டு, முதலில் 40 மில்லி மட்டும் தூள் நனைகிற மாதிரி சுற்றி ஊற்றுங்கள். புதுத் தூளானால் மேலே குமிழ் விட்டு லேசாக எழும்பும், வாயு வெளியேறுகிறது. குமிழே வரவில்லை என்றால் அந்தத் தூளுக்கு வயதாகிவிட்டது. அரை நிமிடம் கழித்து மீதி 80 மில்லியை ஊற்றி மூடிவிடுங்கள். தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஆகவே கீழே 70 மில்லி அளவு டிகாஷன் கிடைக்கும். இரண்டு டம்ளருக்கு அது கணக்கு. இரண்டாவது டிகாஷனை இந்தக் காபியில் எடுக்காதீர்கள், கசப்புதான் வரும். ஆறிப்போன டிகாஷனை அடுப்பில் வைப்பதும் கூடாது. மணம் ஆவியாகி, கசப்பு மிஞ்சும். கொதிக்கும் பாலைத்தான் அதன் மேல் ஊற்ற வேண்டும்.

பாலும் ஒரு கை பார்க்கும். பாலின் புரதம் காபியின் கசப்பையும் துவர்ப்பையும் பிடித்து அடக்குகிறது, கொழுப்பு புளிப்பை மழுக்குகிறது. ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5. பச்சை பாக்கெட் பாலில் இளவறுப்புக் காபி காணாமல் போய்விடும். பாலில் போட்டுக் குடிப்பவர் நடுத்தரத்துக்குச் சற்று மேலே வறுத்ததை வாங்க வேண்டும். சிறிது ரொபஸ்டா சேர்ந்த கலவையும் பாலுக்கு ஈடுகொடுக்கும். இளவறுப்பின் பழவாசனை வேண்டுமென்றால் அதைப் பாலில்லாமல் குடித்துப் பழக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம், அவசரமில்லாத நேரத்தில், சர்க்கரைகூடப் போடாமல் ஒரு சிறிய டம்ளர் குடித்துப் பாருங்கள். ஆற ஆற ருசி மாறுவது தெரியும்.

யாருக்கு எதைக் கொடுப்பது

பரிசுக்குக் காபி வாங்கும் முன் அந்த வீட்டு அடுப்படியை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். கை மெஷின் இருக்கிற வீட்டுக்குக் கொட்டையாகக் கொடுக்கலாம். இல்லாத வீட்டுக்குக் கொட்டையைக் கொடுத்தால் மிக்ஸியில் போட்டு, பாதி மாவும் பாதி நொய்யுமாக அரைத்து வீணாக்குவார்கள். அவர்களுக்கு ஃபில்டருக்கென்று அரைத்த தூள், விசேஷத்துக்கு முதல்நாள் அரைத்தது, கொடுங்கள். ஒரு டம்ளருக்கு 10, 12 கிராம் போகும். கணவன் மனைவி இருவர் தினம் இரண்டு வேளை குடித்தால் 250 கிராம் ஐந்தாறு நாளுக்கு வரும். மணம் இருக்கும்போதே தீர்ந்துவிடும். ஒரு கிலோ பெட்டி பார்க்கக் கௌரவமாக இருக்கும், கடைசிக் கால் கிலோ வெறும் தூளாகத்தான் போகும்.

வயதானவர்களுக்குக் கொடுக்கும்போது சிக்கரி இல்லாததுதான் உயர்வு என்று நினைத்துவிட வேண்டாம். தூக்கம் குறைந்தவர்களுக்கு ரொபஸ்டா இல்லாத, அராபிகாவோடு கொஞ்சம் சிக்கரி கலந்த தூளில் காஃபீன் குறைவு. பழகிய நிறமும் கனமும் கிடைக்கும். தினம் 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் எடுக்கும் கர்ப்பிணிகள் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளைகாப்பு வீட்டுக்குக் காபிப் பெட்டி வேண்டாம், பழக்கூடையே போதும்.

புதுக் குடித்தனத்துக்கு என்றால் தூளைவிட ஃபில்டர் நல்ல பரிசு. சீர்ப் பாத்திரத்தோடு பித்தளை ஃபில்டர் வைத்த பழக்கம் அர்த்தமுள்ளது. இருவருக்கு அளவான சிறிய ஃபில்டர், டபரா டம்ளர் இரண்டு, கால் கிலோ தூள். நிறையப் பேருக்குப் போடும் பெரிய ஃபில்டரில் கொஞ்சம் தூள் போட்டால் படலம் மெலிந்து தண்ணீர் ஓடிவிடும், அதனால் அளவு பார்த்து வாங்குங்கள். பிரான்சிலிருந்து வந்து திரும்பும் உறவினருக்கு மான்சூன்ட் மலபார் கொடுக்கலாம். பாய்மரக் கப்பல் காலத்தில் மாதக்கணக்கில் கடல் ஈரத்தில் போன நம் கொட்டை ஐரோப்பாவைத் தொடும்போது உப்பி, வெளிறி, புளிப்பு இழந்து, ஒரு தனி ருசியோடு இருக்கும். கப்பல் பயணம் குறுகியதும் அந்த ருசி போனது. அதைத் திரும்பக் கொண்டுவர மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் கொட்டையைப் பரப்பி, தென்மேற்குப் பருவக்காற்று படவிட்டு இதைத் தயார் செய்கிறார்கள். அங்கே அவர்கள் வீட்டில் பாலில்லாமல் குடிக்கவும் இது ஒத்துவரும்.

புனுகுப்பூனை பழத்தைத் தின்று கழித்த எச்சத்திலிருந்து கொட்டையைப் பொறுக்கிச் செய்யும் புனுகுப்பூனைக் காபியை மட்டும் பரிசாக வாங்காதீர்கள். ஆனை விலை, குதிரை விலை சொல்வார்கள். இந்தோனேசியாவில் அந்தப் பூனைகளைக் கூண்டில் அடைத்துக் காபிப் பழம் தின்னவைப்பது பலமுறை வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. அந்த விலையில் ஏற்காட்டுக் காபியும் தாண்டிக்குடிக் காபியும் பல கால் கிலோ வரும்.

பெட்டிக்குள் அச்சடித்த வாழ்த்து அட்டை போவதைவிட, கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு பயன்படும். எந்த மலை, எந்தத் தேதியில் வறுத்தது, சிக்கரி எவ்வளவு, எத்தனை கிராமுக்கு எத்தனை மில்லி தண்ணீர், பாலோடா பாலில்லாமலா. ஐந்து வரி போதும். வாங்கியவர் அந்தச் சீட்டை ஃபில்டர் பக்கத்தில் ஒட்டிக்கொள்வார்.